பின்னிருக்கைக்கு அடியில்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு. ஓசூர்.

என் காரை என் மருமகன் என்னைக் கேளாமலே அறுத்துவிட்டான். பெட்ரோல் எஞ்சினை அப்படியே விட்டு, பின்சக்கரங்களில் மின்மோட்டாரைப் பூட்டி, காயலான் கடையில் வாங்கிய பேட்டரிகளைப் பின்னிருக்கைக்கு அடியில் அடுக்கியிருக்கிறான். வீட்டு மின்சாரத்தில் அவை சார்ஜ் ஆகின்றன. நாளை காவேரிப்பட்டினத்தில், அவன் பெற்றோர் வீட்டில் வளைகாப்பு. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளை அந்த இருக்கையில் அமர்த்தித்தான் அழைத்துப் போவானாம். அரக்கு மாளிகையின் மேல் மெத்தை விரித்திருக்கிறான்.

மாலையில் சார்ஜ் ஒயரைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பயணம் நின்றுவிடும் என்றே நம்பினேன். அவன் சிரித்தான்.

“ஒயர நீங்களே வெச்சுக்குங்க மாமா. கரண்டு இல்லன்னா பெட்ரோல்ல போவும். அதுக்குத்தான் ரெண்டும் வெச்சது. வேணும்னா மந்திரம் சொல்லி நிறுத்திப் பாருங்க.”

“பேட்டரி தீப்புடிச்சா?” என்றேன்.

“தெனம் அதுலதான் கம்பெனிக்குப் போறேன். எரிஞ்சா போயிட்டேன்?”

மகள் குறுக்கிட்டாள். “வாடகைக் கார்னு ஆரம்பிக்காதீங்கப்பா. நான் இதுலதான் போவேன்.”

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சத் தெரியாதவனுக்கு மகளைக் கொடுத்தேன். அவளும் அவனைப் போலவே ஆகிவிட்டாள்.

ஆகவே நாளை அவள் முன்னால் அமரட்டும். அந்தப் பேட்டரிகளின் மேல் நான் அமர்வேன். அவனோடு ஒரு சொல்லும் பேசமாட்டேன். காவேரிப்பட்டினம் வரும்வரை பெருமாளின் திருநாமங்களை அவன் காதருகே உரக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். அவன் பாட்டுப் போட்டால், இன்னும் உரக்கச் சொல்வேன்.