இரண்டாவது கம்ப்யூட்டர் பக்கத்தில்

கூக்கால்
3.2.2024

அன்புள்ள நாத்தனார் முருகேஸ்வரிக்கு,

இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், உன் இரண்டு கம்ப்யூட்டர், எல்லாருக்கும் மேலே அந்த ஷர்மிளா சௌக்கியமா?

வீட்டில் சிக்னல் கிடையாது. ஏரிக்கரைக்குப் போய்க் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் பூண்டு வேனில் கடிதம் கொடுத்து விடுகிறேன்.

போன வருஷம் உன் கடையில் ஒரே போனை டப்பாமேல் சாய்த்து வைத்து நாம் ரெண்டு பேரும்தானே லைவில் மலைப்பூண்டு விற்றோம்? நீ விலை சொல்வாய், நான் வம்பு பேசுவேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே வேன் ஏறி வந்துவிடுவேன். இந்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு பெண்ணையும் ரெண்டு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறாயாம். நான் ஒருத்தி செய்த வேலைக்கு இத்தனை தேவைப்படுகிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

"அவ சோலிய அவ பாக்குறா, நீ ஏன்டி பொருமுற?" என்கிறார் உன் அண்ணன். நான் எங்கே பொருமினேன்? ஒரு கம்ப்யூட்டர் போதாதா என்றுதான் கேட்கிறேன். வெரசா பதில் போடு.

பொறாமையே இல்லாத உன் மதினி,
வீரம்மாள்


பழனி
7.2.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்க கடிதத்தைப் படித்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு கம்ப்யூட்டர் போதாது மதினி. முதல் கம்ப்யூட்டர் ரெண்டு கேமரா எடுக்கிறதையும் வாங்கி, விலையை எழுதி, படத்தைத் தயார் செய்யும். வெளியே அனுப்புகிற வேலையையும் அதன் தலையிலேயே கட்டினால் திணறிப்போய்ப் படம் நின்று நின்று ஓடுது. அதனால் தயாரான படத்தை வயர் வழியாக இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம். அது அனுப்புகிற வேலையை மட்டும் பார்க்கும். முதல் நாள் ரெண்டிலும் சத்தத்தைத் திறந்து வைத்துவிட்டோம். நான் "பூண்டு" என்றால் கடையெல்லாம் "பூண்டு, பூண்டு" என்று அலறியது. ஷர்மிளாதான் ஓடிவந்து ஒன்றை அமர்த்தியது.

ஷர்மிளா இரண்டாவது கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் எழுதி அனுப்புவதைச் சத்தமாக வாசிக்கும். நான் பதில் சொல்வேன். உங்களைக் கூப்பிடாததற்குக் காரணம் அறுவடைதான். கூப்பிட்டால் வந்துவிடுவீங்க, அண்ணன் தனியாக் கெடந்து லோல்படும்.

உங்க பூண்டைத்தான் விற்கிறேன். வெள்ளிக்கிழமை லைவைப் பாருங்க.

அன்புடன்,
முருகேஸ்வரி


கூக்கால்
10.2.2024

அன்புள்ள நாத்தனாருக்கு,

நேற்று உன் அண்ணன் போனை வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். குளிரில் பல் தந்தியடித்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஷர்மிளா தலையில் எத்தனை முழம் பூ என்றுகூட எண்ணலாம்.

அவள் ஒன்று வாசிக்கிறாள், நீ சிரிக்கிறாய். அடுத்ததை வாசிக்கிறாள், அவள் தோளில் தட்டிச் சிரிக்கிறாய். நான் பேசினால் "சும்மா இருங்க மதினி" என்று கிள்ளுவாயே, அவளை ஏன் கிள்ளவில்லை? படித்த தோள் என்பதாலா?

"இந்தப் பூண்டு சீக்கிரம் முளைவிடும், வாங்காதீங்க" என்று யாரோ எழுதியிருந்தார்களே. அவள் அதையும் ராகம் போட்டு வாசித்தாள். உன் முகம் செத்துவிட்டது. ஜனங்கள் பொல்லாதவர்கள். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
வீரம்மாள்


பழனி
14.2.2024

மதினிக்கு,

எழுதினவர் பேர் வேலுமணி என்று வந்தது. பக்கத்தில் அண்ணன் படம். அண்ணன் கூடப்பிறந்தவள் கடையைக் கெடுக்காது. அது போனில் ஒரு வரி எழுதியும் நான் பார்த்ததில்லை.

எடுத்த ஆர்டரில் பாதி திரும்பிவிட்டது. அது நீங்கள் குனிந்து பறித்து, புகை போட்டுக் கட்டிய பூண்டு. அதைப் போய் அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

"யாருக்கா அந்த வேலுமணி?" என்று ஷர்மிளா கேட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அது கோபப்படவில்லை. "பழைய வீடியோவெல்லாம் பாத்தேன்க்கா. அவங்க பேசுனா ஆளுங்க போகாம நின்னு கேக்குறாங்க. அவங்களக் கூப்பிடுங்க" என்கிறது.

நான் கூப்பிட மாட்டேன். கோபம் எனக்குத்தான். வர வேண்டும் என்றால் நீங்கள் ஷர்மிளாவைக் கேளுங்க. அது சரி என்றால் சரி.

முருகேஸ்வரி


கூக்கால்
17.2.2024

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

நீ என்னைப் பார்த்ததில்லை. நான் உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் கெட்டேன்.

பூண்டு முளைவிடும் என்று எழுதியது நான். அது முளைவிடாது. ஒரு வருஷம் கட்டித் தொங்கவிட்டாலும் கல்லு மாதிரி இருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை இதை லைவில் நானே என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு உன்னிடம் இடம் கேட்கிறேன்.

கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன். நீ வாசிக்கிறபோது குறுக்கே பேச மாட்டேன். இந்த ரெண்டாவது வாக்கை மட்டும் முழுசாக நம்பாதே.

என் நாத்தனார் உன்னைப் பார்த்துச் சிரித்ததைப் போனில் பார்த்ததற்கே எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, அதை எதற்கு மறைக்க? பக்கத்திலேயே நின்று பார்த்துப் பழகிக்கொள்கிறேன். வரலாமா என்று நீயே ஒரு வரி எழுதி வேன்காரரிடம் கொடு. அவளிடம் கேட்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீரம்மாள்