பாட்டில் பெட்டியில் கிடந்த மூக்குக் கண்ணாடி

பெரியவனே,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. சாவி பக்கத்து வீட்டில்.

நீ வேலைக்குக் கிளம்பியதும் மறுசுழற்சி வண்டிக்காரர் கதவைத் தட்டினார். "என்னம்மா, மூக்குக் கண்ணாடியப் போய் பாட்டிலோட போட்டிருக்கீங்க? இத அதோட சேத்து உருக்க முடியாதும்மா. கண்ணாடிக் கடையில குடுங்க, வாங்கிக்குவாங்க" என்று கையில் கொடுத்தார். அப்பாவுடையது.

"வீடா இது, குப்பைக் கிடங்கா?" என்று நேற்று கத்தினேன்தான். அதற்காக அப்பா மேஜையையுமா காலி பண்ணுவாய்? அதிலும், கழுவாமல் எதையும் பெட்டியில் போடக்கூடாது என்று அவர் பழக்கியபடியே, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் போட்டிருக்கிறாய். அந்தக் கண்ணாடியில் அவர் கட்டைவிரல் ரேகை இருந்ததடா. அது அழியக்கூடாதென்றுதான் அவர் போனதிலிருந்து நான் தொடாமலே வைத்திருந்தேன். உனக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லவே இல்லையே.

கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறேன். கொடுப்பதற்கு அல்ல. அந்த ஃபிரேமிலேயே என் பவருக்கு லென்ஸ் போட்டுத் தரச் சொல்லப் போகிறேன்.

அம்மா

எண்ணெய் பட்ட அட்டையைக் காகிதப் பெட்டியில் போடாதே, எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஃபிரேம் என் முகத்துக்குப் பெரிதாகத்தான் இருக்கும். பார்த்துச் சிரித்துத் தொலைக்காதே. சரி, சிரித்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டில் யாராவது சிரித்து ரொம்ப நாளாகிறது.