மண்டி போட்ட சனிக்கிழமை

பெல்ஃபோர்ட், டென்னசி
செப்டம்பர் 8, 2026

அன்புத் தம்பி டாய்லுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம்தான், சனிக்கிழமை பார்த்தேனே, கன்னத்தில் சதை நன்றாகவே ஏறியிருந்தது. ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

தோற்றதற்கு வருத்தமில்லை. எங்கள் கல்லூரியில் படிப்பவர்கள் மொத்தமும் வந்தாலும் உங்கள் பல்கலைக்கழக அரங்கத்தின் ஒரு மூலைக்குக் காணாது. செப்டம்பர்தோறும் வருகிறோம், உதை வாங்குகிறோம், ஆட வந்ததற்கு நீங்கள் தரும் காசோலையோடு பேருந்து ஏறுகிறோம். முப்பது வருஷமாக ஃபுட்பால் அணியின் சட்டையும் தலைக்கவசமும் என் பொறுப்பு, பார்க்காத தோல்வியா!

ஆனால் அறுபத்து மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஆன பிறகு, புள்ளிக் கோட்டுக்கு இரண்டே கெஜத்தில் உங்கள் பையன் பந்தை வைத்துக்கொண்டு, ஓடிப் புள்ளி எடுக்காமல் மண்டி போட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. பாவம், விட்டுத் தொலைக்கிறோம் என்று எண்பதாயிரம் பேர் முன்னால் சொன்ன மாதிரி. உங்கள் ஜனம் கைதட்டியது வேறு.

எங்கள் தடுப்பாட்டக்காரன் ரூஃபஸ் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். "மிஸ் வெர்லீன், எங்கள அடிச்சே முடிச்சிருக்கலாம்ல?" என்றான். வேகவைத்த கடலைப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தேன். தொடவில்லை.

அது யார் வேலை என்று விசாரித்து எழுது.

உன் அக்கா,
வெர்லீன்

செப்டம்பர் 16, 2026

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரிக்க வேண்டியதில்லை. என் வேலைதான். எதிர்ப்பக்கத்தில் நீ ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றது மேலே என் இருக்கையிலிருந்து தெரிந்தது. எங்கள் பயிற்சியாளரை ஃபோனில் கூப்பிட்டு, "போதும்யா, அது எங்கக்கா டீமு" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ரூஃபஸிடம் என் மன்னிப்பைச் சொல்.

இன்னொரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். பெரிய லீக்குகள் எல்லாம் சேர்ந்து தனியாகப் பிரிந்துபோகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எங்களுக்குள்ளேயே ஆடுவோம், சின்னக் கல்லூரிகளோடு இனி ஆட்டமே கிடையாது. ஜனவரியில் ஓட்டெடுப்பு. விளையாட்டுத் துறைக்குத் தலைவன் என்பதால் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஓட்டு என் கையில். பிரிய வேண்டாம் என்றுதான் போடப்போகிறேன். எங்கள் காசோலை நின்றால் உங்கள் கதி என்ன?

மறைக்காமல் சொல்கிறேன், அது பாதிக் காரணம்தான். அங்கே அப்பா பயிற்சி கொடுத்த உங்கள் அணியை விட்டுவிட்டு இங்கே ஆட ஓடிவந்தவன் நான். சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. பெல்ஃபோர்ட்டில் காலெடுத்து வைக்க எனக்கு முகமில்லை. ஆட்டம் முடிந்து உங்கள் பேருந்து கிளம்புவதற்குள் ஒரு இருபது நிமிஷம். வருஷத்தில் எனக்கு அக்கா கிடைப்பது அவ்வளவுதான். அதையும் விடச் சொன்னால் எப்படி?

தம்பி,
டாய்ல்

அக்டோபர் 21, 2026

என் அருமைத் தம்பிக்கு,

பதில் தாமதம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

எனக்காக ஓட்டுப் போடாதே. பிரிந்து போங்கள்.

எங்களுக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. உங்கள் பணம் நின்றால் நீச்சல் அணியை மூடிவிடுவார்கள் என்று இப்போதே பேச்சு. அந்தப் பெண்கள் என் அறைக்குத்தான் அழ வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பையன்களுக்கு ஜெயிக்க வாய்ப்புள்ள சனிக்கிழமைகள் வேண்டும். தங்களைப் போன்றவர்களோடு மோதி, தங்களுக்கென்று ஒரு கோப்பைக்காக அடித்துக்கொள்ளட்டும். ரூஃபஸுக்கு உங்கள் ஆட்டத்தில் தோள்பட்டை இறங்கிப்போனது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இன்னும் கட்டோடுதான் அலைகிறான்.

அந்த இருபது நிமிஷம் உனக்கு மட்டும் என்று நினைத்தாயா? எனக்கும் அதுதானடா. அதற்காகத்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நீயும் நானும் பார்த்துக்கொள்வதற்காக ஊரார் பிள்ளைகள் எலும்பு முறிய வேண்டாம். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீயே நினைத்துக்கொள்.

அக்கா

ஜனவரி 19, 2027

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது. பிரிவதற்குக் கை தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர், "ஏம்ப்பா, நீ எதிர்த்துப் போடுவேன்னுதானே சொன்ன?" என்றார். "எங்கக்கா போடச் சொல்லிருச்சு" என்றேன். மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

உங்களோடு ஆடும் செப்டம்பர் ஆட்டத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் தாளும் என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். நேற்றுப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னது நியாயம். ஆனாலும் எனக்கு உன்மேல் கோபம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

டாய்ல்

பெல்ஃபோர்ட்
செப்டம்பர் 13, 2027

அன்புத் தம்பிக்கு,

எட்டு மாதமாக அக்கா கடிதம் போடவில்லை என்று உம்மென்று இருப்பாய். உன் கோபம் ஆறட்டும் என்று விட்டேன். என் வருத்தமும் ஆற வேண்டியிருந்தது. நீச்சல் அணியை மூடிவிட்டார்கள். பதினொரு பெண்கள். அதற்கு நானும் ஒரு காரணம்.

சனிக்கிழமை ஜெயித்தோம். பதினேழுக்குப் பதினான்கு! கூட்டம் மூவாயிரம் பேர்கூட இருக்காது, ஆனால் கடைசி நிமிஷம்வரை ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. ரூஃபஸ் ஓடிவந்து என்னைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். "இறக்குடா எருமை, இடுப்பு போயிரும்!" என்று கத்தினேன். அத்தனை சந்தோஷத்திலும், கூட்டம் கலைந்ததும் பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கத்தில் உன்னைத் தேடினேன்.

அப்பா போனபிறகு ஆட்ட ஒப்பந்தம் இல்லாமல் நாம் பார்த்துக்கொண்டதே கிடையாது. அக்கா தம்பிக்கு இது வெட்கக்கேடு.

திங்கட்கிழமை உனக்கும் ஆட்டமில்லை, எனக்கும் ஆட்டமில்லை. எனக்கு அது அணியின் துணி துவைக்கிற நாள். கிளம்பி வா. உன்னைத் திட்டக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப்பேருக்கு ஞாபகமில்லை. ஆனால் வந்தால் சும்மா உட்காரவிட மாட்டேன். தொண்ணூறு ஜோடி காலுறை, அத்தனையையும் உள்பக்கம் வெளியே வரும்படிதான் கழற்றிப் போடுகிறார்கள்.

வருவாயா?

அக்கா

செப்டம்பர் 17, 2027

அக்கா,

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடுவேன். சாம்பல் நிறக் கார். வாசலில் வந்து நின்ற பிறகும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், நீயே வந்து கதவைத் திற.

தம்பி