வெர்லீன் போட்ட என் கையெழுத்து

மார்ச் 4, திங்கள்

நான் சொல்லச் சொல்ல வெர்லீன் எழுதுகிறாள். கல்யாணமான ஐம்பத்தாறு வருஷமாக வங்கித் தாளானாலும் வரித் தாளானாலும் இப்படித்தான். ‘ஓடெல் ஸ்ட்ரிக்லின்’ என்று என் பெயரைப் போடுவதும் அவள்தான். எனக்கு எழுத்து தெரியாது என்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூட, மாவட்டத்தை ஆளும் கவுண்டி மன்றம் முடிவு செய்துவிட்டது. இனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வண்டி வர வேண்டும், நாற்பது நிமிஷம். மக்களிடம் வாக்கெடுப்பு வேண்டுமென்றால் ஏப்ரல் 12க்குள் அறுநூறு கையெழுத்து.

இந்த வேலைக்கு முன்னால் நிற்பவள் ஜெஸமின் ப்ரூயிட், ஓய்வுபெற்ற நர்ஸ். நேற்று சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: “பிரதர் ஓடெல், அறுபத்துநாலுல வீடு வீடாப் போனவர் நீங்க. ஜின் ரோடு உங்களுக்குத்தான்.”

மறுக்கத் தோன்றவில்லை. உள்ளூர இனித்தது.

மார்ச் 9, சனி

இருபது வீடு. ஜின் ரோட்டில் இப்போது ‘ஜின்’ என்ற அந்தப் பஞ்சு அரவை ஆலை இல்லை, தகரக் கொட்டகை மட்டும் நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலில் அதன் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். அப்போது கையில் இருந்தது வாக்கு வரியை, அதாவது ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய பணத்தை, ஒழிக்கும் மனு. போதகர் காரில் வரும்போது ஒரு தரம் வாசித்தார். எனக்கு ஒரு தரம் போதும். தாளைப் பிடித்தபடி ஒவ்வொரு வாசலிலும் முழுதும் சொன்னேன். கையெழுத்துப் போடப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் பீச் பழப் பணியாரம் தந்தார்கள், இன்னும் நாக்கில் இருக்கிறது. “நல்லாப் படிக்கிற பையன்” என்றார்கள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 30, சனி

இருநூற்றுப் பதினாலு. வேறு யாருக்கும் நூறுகூடத் தேறவில்லை. முடிவெட்டும் கடையில் தாளை வைத்துவிட்டுப் போனால் எப்படித் தேறும்? எங்கள் சர்ச் டீக்கன் லூசியஸ் கான்ட் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “என்னய்யா ஓடெல், அடுத்து கவர்னருக்கு நிக்கப்போறியா? உன் தொப்பிக்கு ஓட்டு விழும், உனக்கு விழாது” என்றான். ஐம்பது வருஷமாக இதே வாய்.

‘என் கண்ணெதிரில்தான் போட்டார்கள்’ என்று வாங்கியவர் ஒவ்வொரு தாளின் அடியிலும் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டுமாம். பதினோரு தாளிலும் வெர்லீன் என் பெயரைப் போட்டாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

போச்சு.

எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது கொடுத்திருந்தோம். என் பதினோரு தாளையும் அடித்துவிட்டார்கள். வெர்லீனும் அதில் ஒரு வரியில் கையெழுத்திட்டிருந்தாள். அதுவும் அடியில் இருந்ததும் ஒரே கை என்று கவுண்டி அலுவலகத்து அம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். மிச்சம் நானூற்று இருபத்தாறு. சரிசெய்யப் பத்து நாள்.

“உங்க கையெழுத்தை ஏன் சிஸ்டர் வெர்லீன் போட்டாங்க?” என்று ஜெஸமின் கேட்டாள். கை நடுக்கம் என்றேன். எனக்கு எங்கே கை நடுங்குகிறது? ஊருக்கு வண்டி இல்லாமல் போனாலும் என் பெயர் கெடக் கூடாது — அவ்வளவுதானா நான்?

வெர்லீன் பேனாவைக் கீழே வைக்கிறா—

ஏப்ரல் 17, புதன்

“அந்தப் பொய்யோட இந்த நோட்டுல இன்னொரு வரி எழுத மாட்டேன், ஓடெல்” என்றாள். காப்பியும் போடவில்லை. பத்து மணிக்கு ஜெஸமினுக்கு நானே போன் செய்தேன். சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது என்று.

ஜெஸமின் சொன்னாள்: பெயருக்குப் பதில் நான் ஒரு சிலுவைக்குறி போட்டால் போதும், பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்திட்டால் சட்டத்துக்குச் சரி. ஆனால் புதுத் தாளோடு அந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும். “ஏன் இன்னொரு தடவைன்னு கேப்பாங்க. அதை நீங்களேதான் சொல்லணும்.”

எல்லாருக்கும் புது முறையும் வைத்துவிட்டாள். கடையில் தாள் கிடக்கக் கூடாது. ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. முழுதும் காதில் விழுந்த பிறகுதான் பேனா.

ஏப்ரல் 20, சனி

முதல் வாசலில் இரண்டு தரம் ஆரம்பித்து நிறுத்தினேன். நான்காவது வாசலில் பரவாயில்லை.

தியோரா பேங்க்ஸுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. அறுபத்துநாலிலும் போட்டவள். நான் சொல்லி முடித்ததும் சிரித்தாள். “அன்னிக்கு உன் தாள்ல ரெண்டு பக்கம் இருந்துச்சு, தம்பி. நீ திருப்பவே இல்ல. ஆனா ஒரு வார்த்தை விடல.”

இத்தனை வருஷமும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

லூசியஸ் முழுதும் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான், கதவைச் சாத்தினான். ஏதாவது கேலி செய்திருக்கலாம்.

ஏப்ரல் 26, வெள்ளி

நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒவ்வொரு தாளிலும் என் சிலுவை, பக்கத்தில் ஜெஸமினின் சாட்சி. எல்லாம் கோணல்தான். (நன்றாகவே இருந்தது — வெ.)

மே 3

ஏற்றுக்கொண்டார்கள். பதின்மூன்று கழிந்து அறுநூற்றுப் பதினொன்று செல்லும்.

ஜூன் 11, செவ்வாய்

வாக்கெடுப்பு. அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் நிலையம் நிற்கிறது. பிற்பகல் வெயிலில் வரிசையில் நின்ற பாதிப் பேருடைய தகப்பன்மாரை நான் அறுபத்துநாலில் அந்த வாசல்களில் பார்த்திருக்கிறேன். அதே நெற்றிகள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, பட்டர் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தோம். பின்வாசலில் லூசியஸ். தொப்பி கையில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடித உறை ஒன்றை எடுத்தான். பிரிக்கவில்லை. மூன்று வாரமாகப் பையிலேயே இருக்கிறதாம்.

“என் பேரை மட்டும் வரையத் தெரியும், ஓடெல்” என்றான். பிறகு வெர்லீனைப் பார்த்து, “சிஸ்டருக்கு இப்ப நேரம் இருக்குமா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்தாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவளிடம் கேட்கவில்லை.