மூங்கிலைக் கழற்ற வேண்டாம்

தம்பி கனகசுந்தரம்,

இன்று உன் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூரைமேல் உன் ரேடியோ மூங்கிலும் கம்பியும் நிற்பது வீட்டுக்கு அவமானம் என்று நேற்றுச் சத்தம் போட்டேன். அதைக் கழற்ற வேண்டாம்.

விடிய நீ தூங்கும்போது, அணைக்காமல் விட்ட உன் கருவியில் யாரோ தந்தி அடித்துக் கூப்பிட்டான். கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நம் குடும்பத்தில் இல்லை. சிகாமட் ரயில் ஸ்டேஷனில் காலமெல்லாம் தந்தி அடித்த கை இது. உன் பெயரில் பதில் அடித்தேன். முதலில் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவாம். தகப்பன் பெயர் ஹென்றி, ஆடு வளர்க்கிறாராம். மரியாதையான பிள்ளை. இன்றைக்கு உன் கை நன்றாக ஓடுகிறது என்றான்.

குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்த கொம்மா எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, காதில மாட்டிக்கொண்டு தனிய என்ன சிரிப்பு?" என்றாள்.

பழம் வாங்கச் சந்தைக்குப் போகிறேன். இடியப்பம் மூடி வைத்திருக்கிறது. நல்ல சட்டை போட்டுக்கொள்.

உன் தகப்பன்

பற்றரி குறைந்திருந்தால் கோபிக்காதே.

மூங்கில் யாருடையது என்று பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால், தகப்பனாருடையது என்று சொல்.