எண்பத்தெட்டு டிகிரி

அன்பு மகள் புருலாய்க்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், மலைக்குக் கீழே துஷான்பே நகரத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் கோபுரம் பனியில் சாய்ந்ததிலிருந்து சிக்னல் கிடையாது, அதனால் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை குருத் வைத்திருக்கிறேன், மூன்று நாள் வழியில் அந்தக் காய்ந்த தயிருருண்டைகளில் பாதியை அவரே தின்றுவிடுவார், மீதியைக் கேட்டு வாங்கிக்கொள். நம் யாக் மாடு கன்று போட்டிருக்கிறது, அதற்கு உன் பெயரை வைப்பேன் என்று அப்பா நிற்கிறார், நான் விடவில்லை.

அங்கே பார்க்கிற டீச்சர் வேலையை விட்டுவிட்டு வரும் செப்டம்பரில் நம் பள்ளிக்கே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாக நான் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. உன்னை அப்படிக் கேட்க வைத்தவளே நான்தான். நான்காம் வகுப்புக்கு மைராம் என்ற புது டீச்சர் வந்திருக்கிறாள், பிள்ளைகளைக் கொண்டே தண்ணீர் கொதிக்க வைத்து அளக்கிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே. துணைத் தலைமையாசிரியை என்ற பெயரில் மற்ற டீச்சர்களுக்கு நான் செய்த உருப்படியான காரியம் அவளைத் தைரியப்படுத்தியதுதான் என்று நினைத்திருந்தேன். பதினான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு வரட்டி கொண்டுவந்து அடுப்பு மூட்டினார்கள், தண்ணீர் தளதளவென்று கொதித்தது, ஆனால் வெப்பமானி எண்பத்தெட்டைத் தாண்டவில்லை. புத்தகத்தில் நூறு என்று இருக்கிறது. 'பசங்க எதை எழுதட்டும் அக்கா' என்று மைராம் ஓடி வந்தாள். பார்த்ததை எழுதட்டும், இந்த உயரத்தில் காற்று லேசு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதையும் சொல்லிக்கொடு என்றேன். பெர்மெத் என்று ஒரு வாயாடி இருக்கிறாள், அவள் உடனே 'அதான் குக்கர் இல்லாம கறி வேகலேன்னு எங்கம்மா தெனமும் அடுப்பத் திட்டுதா' என்றாளாம். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச்சில் கீழேயிருந்து ஒரு பள்ளிப் பரிசோதகர் வந்தார். மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு, கறி பதமாக வெந்திருக்கிறதே என்று புகழ்ந்தார், எல்லாம் குக்கர் தயவு, இல்லாவிட்டால் சாயங்காலம் வரை வேகாது என்று அப்பா சொன்னதற்குத் தலையையும் ஆட்டினார். அதே கையோடு பள்ளிக்கு வந்து நான்காம் வகுப்புத் தேர்வுத்தாள்களைப் பிரித்தார். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்விக்குப் பதினான்கு பேரும் எண்பத்தெட்டு. 'எல்லாரும் ஒரே தப்ப எழுதியிருக்காங்கன்னா காப்பியடிச்சிருக்கணும், இல்ல டீச்சரே சொல்லிக் குடுத்திருக்கணும்' என்றார். நான் விளக்கினேன். அவர் கோபப்படவே இல்லை புருலாய், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் டீச்சர், எனக்குக் குடுத்த விடைத்தாள்ல நூறுன்னுல்ல இருக்கு, நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுத' என்றார். காரணத்தை நானே எழுதித் தரச் சொன்னார். மைராம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று எழுதினால் அவள் வேலை போய்விடும். வெப்பமானி கெட்டுப்போயிருந்தது என்று எழுதினால் யாருக்கும் ஒன்றுமில்லை. நான் இரண்டாவதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்றார் அவர், வகுப்பில் நின்று நானே அதைப் படித்தேன். மைராம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

போன வாரம் அதே வகுப்பில் பனிக்கட்டி உருகுகிற பாடம், நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மைராம் வாளி நிறையப் பனிக்கட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள், ஒரு பிள்ளை எழுந்து வரவில்லை. வெப்பமானியை அவள் உள்ளே விடும் முன்பே புத்தகத்தைப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதி நோட்டை மூடிவிட்டார்கள். பெர்மெத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயாவது போய்ப் பாரேன் என்றேன். 'அது பொய் சொல்லும்னு நீங்கதான டீச்சர் எழுதிப் படிச்சீங்க' என்றாள். திமிராகச் சொல்லவில்லை, எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்துச் சொன்னாள்.

அதனால் நீ வர வேண்டாம் அம்மா. உன் பக்கத்தில் நின்று காப்பாற்றுவேன் என்று சொல்ல எனக்கு இப்போது முகமில்லை. மைராமும் கோடைக்குப் பிறகு ரஷ்யாவுக்குப் போகப் பார்க்கிறாள், நான் தடுக்கவில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையில் படிக்கிற பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, அங்கேயும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, தொண்ணூற்றேழு வரும். உன் பிள்ளைகளை வந்ததை எழுத விடு என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது, தேர்வில் நூறு என்றே எழுதச் சொல்லிவிடு என்று எழுதுகிறேன்.

உன் அம்மா,
சாய்ரா