ஐந்தாவது கல்

டீச்சர், இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து உப்புத் தண்ணீர் வாடை போகவில்லை. இருக்கட்டும். அது உங்கள் வீட்டு மீன்தொட்டியின் வாடை.

ஒரே பாடசாலையில் பதினொரு வருடம் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டோம். உங்கள் கணவர், நான் ‘நானா’ என்று கூப்பிடுகிறவர், கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு நீங்கள் வைத்த தொட்டி அது. மஹய்யாவையிலிருந்து அதைப் பார்க்கவே அக்குறணைக்கு வந்தேன். தேத்தண்ணீர் தருமுன்பே, “எத்தனை கல்லு இருக்கு, சொல்லுங்க பாப்பம்?” என்றீர்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற எவருக்கும் அந்தப் பரீட்சை உண்டு.

“அஞ்சு,” என்றேன்.

“ஃபெயில்! நாலுதான்.”

இடுக்கியால் ஓர் இறாலை இறக்கினீர்கள். பாசி பிடித்த ஐந்தாவது கல் வாயைத் திறந்தது. இறாலைக் காணோம்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“இந்தக் கல்மீனுக்குத் துரத்தவே தெரியாது டீச்சர். பவளப்பாறையில கல்லோட கல்லாக் கெடக்கும், இரை தானா வரும். ஆனா முதுகு முள்ளு குத்தினா உசிருக்கே ஆபத்து.”

வகுப்பிலும் நீங்கள் கத்தியதே இல்லை. சும்மா நிற்பீர்கள், நாற்பது பிள்ளைகளும் அடங்கிவிடும். அடுத்த வகுப்பில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த எனக்கு எவ்வளவு பொறாமை, தெரியுமா?

இன்று உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்துசேர முடியாத நானா தொட்டி முன்னால் நின்றார். மற்றத் தொட்டியிலிருந்த சின்ன மீன்களை உறவினர் கொண்டுபோய்விட்டார்களாம்.

“அவ சொன்ன அந்த மீனும் மௌத்தாப் போயிருக்கும் டீச்சர். இந்த அஞ்சு கல்லையும் எடுத்துட்டா தொட்டியக் கழுவி வெச்சிரலாம்,” என்று சட்டைக் கையை மடித்துத் தண்ணீருக்குள் விட்டார்.

அஞ்சு!

“ஐயோ நானா, கைய எடுங்க!”

வெட்கம், மரியாதை எல்லாம் மறந்து நானும் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். முள்ளுக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. பிறகு ஃபிரிட்ஜிலிருந்து இறால் எடுத்து இடுக்கியால் இறக்கினேன். அசைவே இல்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. இறாலை மெல்ல ஆட்டினேன். கல் வாயைத் திறந்தது.

நானா கதிரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “அவ வளர்த்த உசிரு ஒண்டு மிச்சம் இருக்கே,” என்றார். உப்புத் தண்ணீர் கலக்கிற அளவைக் கேட்டார். நீங்கள் காட்டித் தந்தபடியே சொல்லிக்கொடுத்தேன். உங்கள் பரீட்சையைப் பற்றியும் சொன்னேன்.

அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டோடு வந்தார். நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைக் காட்டினார்.

“எத்தனை கல்லு இருக்கு, சொல்லுங்க பாப்பம்?”

அவர் குனிந்து எண்ணி, “அஞ்சு,” என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், “ஃபெயில்!” என்றோம், டீச்சர்.